பிரபாகர் உள்ளே விடாத எழுத்து

“நீ ஆரு? எழுத்தா, எண்ணா, சும்மா நிக்கிறயா?” என்று பிரபாகர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்பது ஆளை அல்ல, கணினித் திரையில் இருக்கும் ‘ங’வை. அது எங்கே பதில் சொல்லப்போகிறது? அவரே ‘எழுத்து’ என்று தட்டிவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவார். அடுப்படியில் இருந்த அவர் மனைவி வெண்ணிலா, முதலில் இரண்டு தடவை, யாரோ வந்திருக்கிறார்கள் என்று டீ போட்டுக்கொண்டு வந்து ஏமாந்தாள். இப்போது நிஜமாகவே ஆள் வந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

நாகலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் அவர் வீடு. வயது நாற்பத்து மூன்று. சேலத்தில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு மலைமேல் இருந்தபடியே வேலை பார்க்கிறார். காதோடு சுற்றிய மஃப்ளரை மீட்டிங் என்றால் மட்டும் அவிழ்ப்பார்.

என்ன வேலை என்று ஊரில் யாரையாவது கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். விஷயம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆஸ்பத்திரிப் பதிவில் பெயர் எழுதும் கட்டம் இருக்கிறது. அதில் யாராவது போன் நம்பரைத் தட்டினால் கணினி மறுக்க வேண்டும். ‘எழுத்து மட்டும் வரட்டும்’ என்று அதற்குச் சொல்லிவைக்கும் வித்தைக்கு ரெஜெக்ஸ் என்று பெயர். ஆனால் எது எழுத்து என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. மொழிக்கு மொழி ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தால், எந்த ஊரில் வேலை செய்கிறதோ அந்த ஊர் அட்டவணையை விரித்துப் பார்த்துக்கொள்ளும். கம்பெனியின் தமிழ்நாட்டு அட்டவணை பிரபாகர் போட்டது.

மற்றவர்கள் ‘இதிலிருந்து இதுவரை எழுத்து’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மேட்ச் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு கட்டமாகத்தான் நிரப்புவார். “கூட்டத்தோட உட்டா கண்டதும் உள்ள பூந்துருமுங்க” என்பார். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. சாப்பாட்டுத் தட்டிலும் இதே விசாரணைதான். இது டிபனா, சாப்பாடா என்று உப்புமாவைப் பார்த்துக் கேட்டு, வெண்ணிலா தட்டையே தூக்கிக்கொண்டு போன நாளும் உண்டு.

இன்னொரு பிடிவாதமும் சேர்ந்துகொண்டது. தமிழ் அட்டவணைக்குள் இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூட வரக்கூடாது. வீட்டுக் கேட்டில் ‘S.பிரபாகர்’ என்றுதான் வெகுநாளாக இருந்தது. அட்டவணை போட ஆரம்பித்த வாரத்தில் அந்த S-ஐச் சுரண்டிவிட்டு, அப்பா சடையனுக்காக ‘ச’ என்று எழுதினார். சுரண்டியது முழுதாகப் போகவில்லை. மழையில் நனைந்தால் S மறுபடி தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். புரை விழுந்தவர்களைப் பதிந்து, பதினொரு மணிக்குப் பஸ்ஸில் ஏற்றி, சேலத்துக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. பதிவு கம்பெனியின் மென்பொருளில்தான்; பிரபாகரின் அட்டவணைக்கு அன்றுதான் முதல் நாள். இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றார்.

பதிவு மேஜையில் இருந்த நர்ஸ் ஜெயமேரி பதிவு தொடங்கிய வேகத்தில் அவரைக் கூப்பிட்டாள். முக்கால்வாசிப் பேரின் அடையாள அட்டையில் பெயர் தமிழிலும் இனிஷியல் இங்கிலீஷிலும் இருந்தது. கணினி ஒவ்வொரு பெயரையும் திருப்பியடித்தது. தப்பு அட்டைக்காரர்கள் மேல்தான் என்பதில் பிரபாகருக்குச் சந்தேகமே இல்லை. இனிஷியலை எடுத்துவிட்டுப் பதியச் சொன்னார். அதுவும் நன்றாகவே ஓடியது, கண்ணாயி வருகிறவரை.

கண்ணாயி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். இரண்டு கண்ணிலும் புரை. போன வருஷம் பழத்தோடு பச்சைக்காயையும் சேர்த்து உருவிவிட்டாள் என்று நிறுத்திவிட்டார்கள். கண் தெரிந்தால் வரச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்த முகாம் மாசிக்குத்தான். அதற்குள் பழமெல்லாம் பறித்து முடிந்திருக்கும். ‘கண்ணாயி, நாகலூர்’ என்று ஜெயமேரி தட்டினாள். ஏற்கெனவே பதிவானவர் என்றது கணினி. பேரும் ஊரும் ஒன்றானால் ஒரே ஆள் என்பது அதன் நினைப்பு. காலையிலேயே வேறொரு கண்ணாயி பதிந்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாகிவிட்டது.

“அவ T.கண்ணாயிங்க. நா M.”

தமிழ்ப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்து எதுக்குங்கக்கா என்று பிரபாகர் ஆரம்பித்தார். கண்ணாயி அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் படிப்பில்லீங்க சாமி. எஸ்டேட்டுல மூணு கண்ணாயி. மாறிப்போவக் கூடாதுன்னு கணக்கெழுதற ரைட்டரு எம்பட கூடையில பெயிண்டுல M போட்டு உட்டாரு. முப்பது வருசம் அதப் பாத்துத்தான் கூடைய எடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதானுங்க.”

மணி பத்து ஐம்பது. பஸ் டிரைவர் டோமினிக் ஹாரன் அடித்தார். பிரபாகருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். A, B என்று வரிசையாகப் போக நேரம் ஏது? M-க்கு மட்டும் ஒரு கட்டம் போட்டார். நீ ஆரு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ‘எழுத்து’ என்று தட்டி, அட்டவணையை மேஜைக் கணினிக்கு அனுப்பினார். நாகலூர் சிக்னலில் அது போய்ச் சேர ஏழு நிமிஷம் பிடித்தது. டோமினிக்கைப் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்தாள் ஜெயமேரி.

‘M.கண்ணாயி’ என்று தட்டியதும் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. கண்ணாயி பஸ் படியைக் காலால் தடவித் தேடினாள். பிரபாகர் முழங்கையைப் பிடித்து ஏற்றினார். “பாத்துப் போங்கக்கா” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வந்து பாக்குறேன் சாமி” என்றாள் கண்ணாயி.

பஸ் வளைவில் மறைந்தது. இனி, எடுத்துவிட்ட இனிஷியலையெல்லாம் திரும்பச் சேர்க்க வேண்டும். பிரபாகர் அதே படியில் உட்கார்ந்து A-யிலிருந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. R வரைக்கும் விரல் தடையில்லாமல் போயிற்று. அடுத்து, கேட்டில் சுரண்டிய S. தலையைத் தூக்கி, தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ‘எழுத்து’ என்று தட்டினார்.