மார்லிஸின் காரில் கசிந்த கரண்ட்

மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒரு கார் கிளம்பாமல் நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மார்லிஸ் வீட்டுக் கார் அப்படியில்லை. அவள் கணவன் ஓர்லினுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி காலையில் அவனைப் பெமிட்ஜி நகரத்துக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வைத்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் காலும் முகமும் வீங்கும். சில சமயம் ஒரே நாளில் நுரையீரலிலும் நீர் ஏறிவிடும்.

நான் எதிர்வீட்டுக்காரன், டெல்மர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். மார்லிஸ் அதே பள்ளியின் சமையலறையில் இருந்து ஓய்வு பெற்றவள். பண்ணையில் வளர்ந்ததால் டிராக்டரை நின்ற இடத்திலேயே பிரித்து மாட்டுவாள். யாரிடமும் எதற்கும் போய் நிற்காதவள்.

அந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அவள் கார் செல்ஃப் எடுக்கவில்லை. நான் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தேன். பக்கத்து வீடுகளிலும் ஆள் இல்லை. அன்று டயாலிசிஸ் தவறியது. அடுத்த நாளே ஓர்லின் மூச்சுக்குத் திணற, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது.

மார்லிஸ் புது பேட்டரி வாங்கிப் போட்டாள். மறு வாரம் அதுவும் இறங்கிவிட்டது. விடிவதற்குள் என் கதவைத் தட்டினாள். கோட்டுக்குள் இன்னும் இரவு உடைதான்.

"டெல்மர், மறுபடியும் செத்துப் போச்சு. கேபிள எடுத்துட்டு வா."

"அந்த வண்டிய ஏரியில தள்ளிவிடு மார்லிஸ். மீனாவது குடியிருக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. என் வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டேன். ஓர்லின் முன்னமே ஏறி, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான்.

இதுவே வாடிக்கையானது. ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கிளம்பாது. பட்டறையில் டைனமோவைச் சோதித்துவிட்டு, "சார்ஜ் நல்லா ஏறுதும்மா. நிக்கும்போது எங்கேயோ கரண்ட் கசியுது. வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க, பாக்கறோம்" என்றார்கள். ஒரு வாரத்துக்கு அவள் எங்கே போவாள்? முதியோரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேனில் மார்ச் வரை இடமில்லை. பேட்டரி கம்பியைக் கழற்றி வைக்கலாம் என்றேன். கழற்றினாள். ஆனால் கார் ஷெட்டின் குளிரில் துருப்பிடித்த முனையைக் காலையில் இறுக்கும்போது விரல் கிழிந்து, திருகும் உடைந்தது. அதுவும் போயிற்று.

மார்லிஸ் இளைத்துப் போனாள். தூக்கத்தில் எழுந்து போய்ச் சாவியைத் திருகிப் பார்ப்பதாகச் சொன்னாள். "சாவியத் திருப்பும்போது டக்குனு ஒரு சத்தம் வருமே, அது என் நெஞ்சுலதான் கேக்குது டெல்மர். அவன் சாகறது என் கையில இருக்கற மாதிரி இருக்கு."

ஒரு திங்கட்கிழமை மதியம் அவளே சோதிக்க உட்கார்ந்தாள். நானும் கூட நின்றேன். பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை மாட்டினாள். காருக்குள்ளே ஃபியூஸ் பெட்டியை எட்டக் கதவு திறந்திருக்க வேண்டும். ஆனால் கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மடக்கினாள். கதவு மூடிவிட்டதாகக் கார் நம்பியது. விளக்கு அணைந்தது. பிறகு ஒன்றையும் தொடாமல் காத்திருந்தோம். மீட்டரில் எண் மெல்ல இறங்கி நின்றது. கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் வேண்டிய சொற்பம்தான். ஒரு பேட்டரி பல வாரம் தாங்கக்கூடிய அளவு.

ஆனாலும் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். எதைப் பிடுங்கினால் எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எதிலும் விழவில்லை.

"ஒண்ணுமே இல்லியே!" என்று கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தாள். "ஏதாவது ஒண்ணு கெட்டிருந்தாத்தானே சரி பண்ண முடியும்? எல்லாம் நல்லா இருந்தா நான் எதப் போய்ச் சரி பண்றது?" முழங்கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஃபியூஸ்களைத் திரும்பச் சொருகிக்கொண்டிருந்தேன்.

எழுந்தவள் பூட்டின் நாக்கை விடுவித்துக் காரின் கதவைச் சாத்தினாள். மீட்டரைக் கழற்றாமல், வெளியே தெரியும்படி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து, பானெட்டை மெல்லத் தாழ்த்தினாள். "கிடக்கட்டும். விட்டு விட்டுக் கசிஞ்சா மாட்டும்." உள்ளே போய் ஓர்லினிடம், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்றாள். நான் பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிடக் கிளம்பினேன்.

திரும்பி வந்ததும் எனக்குக் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு இருவரும் ஷெட்டுக்குப் போனோம். மீட்டரைப் பார்த்தவள் என் கையைப் பிடித்தாள். எண் எங்கேயோ ஏறிக் கிடந்தது.

"யாரு தொட்டது இத?"

காரைத் திறந்தாள். முன்சீட்டுக்கு அடியில் அந்தப் போர்வை மடித்துக் கிடந்தது. டயாலிசிஸ் முடிந்து அவனுக்குக் குளிர் நடுக்கும் என்று அவளே வாங்கிய மின்சாரப் போர்வை. அதன் வயர் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகியிருந்தது. சாவி இல்லாமலேயே கரண்ட் வரும் சாக்கெட் அது. கையை வைத்துப் பார்த்தாள். போர்வை சூடாக இருந்தது.

பின்னால் வாக்கர் தரையில் உரசும் சத்தம். ஓர்லின் வாசலில் நின்றிருந்தான்.

"நான்தான்" என்றான்.

சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து போர்வையின் வயரைச் சொருகுவான். காலையில் அவள் வீட்டைப் பூட்டுவதற்குள் முதலில் வந்து ஏறி, பிடுங்கிவிடுவான். அவ்வளவுதான்.

"ஏன்?" என்றாள்.

"முதல் தடவ வேணும்னு செய்யல. மறந்து விட்டுட்டேன். அன்னிக்கு நாம போகல. நீ இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்புல ஹாட்டிஷ் செஞ்ச, ரெண்டு பேரும் ஜன்னல்கிட்ட உக்காந்தோம். அந்த நாள் நல்லா இருந்துச்சு மார்லிஸ். எனக்கு அந்த நாற்காலி வேணாம். போதும்."

"நல்லா இருந்துச்சா? மறுநாள் ஆம்புலன்ஸ்ல நீ மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து தவிச்சப்ப பக்கத்துல நான் உக்காந்திருந்தேன்டா! வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் போவேன். பேட்டரி செத்தா யார் மேலயும் தப்பு இல்ல."

"எம்மேல இருந்துச்சு! ஒவ்வொரு நாளும் எம்மேலதான் இருந்துச்சு!" போர்வையைப் பிடுங்கி அவன் காலடியில் எறிந்தாள்.

நான் நழுவப் பார்த்தேன். "போகாத டெல்மர். நீ போனா இவன நான் அடிச்சிருவேன்."

ஓர்லின் நிற்க முடியாமல் வாளியின்மேல் உட்கார்ந்தான். "அடி. அதுக்கப்புறம் நான் சொல்றதக் கேளு."

அவள் அடிக்கவில்லை. கேட்கவும் இல்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டது நான்தான்.

மறுநாள் கார் ஒரே திருப்பலில் கிளம்பியது. பெமிட்ஜியில் ஓர்லின், இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று டாக்டரிடம் தானே சொன்னான். டாக்டர் மறுக்கவில்லை, நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் விளக்கினார். மகள் கரின் ஈஸ்டருக்கு சியாட்டிலிலிருந்து வருகிறாள், அதுவரை வருகிறேன் என்று அவனே ஒப்புக்கொண்டான். மார்லிஸ் அவனைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். பல வாரம் அவனோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அவன் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

ஈஸ்டர் முடிந்ததும் டயாலிசிஸை நிறுத்தினான். கட்டிலைச் சமையலறை ஜன்னலோரம் போட்டார்கள். டாக்டர்கள் தடுத்து வைத்திருந்த உருளைக்கிழங்கை வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தாள். பாதிதான் சாப்பிட முடிந்தது. இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், கரின் அவன் கால்களைத் தடவிக்கொண்டிருக்க, தூக்கத்திலேயே போய்விட்டான்.

மே மாதம் மார்லிஸ் வேலி ஓரம் களை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். வெகுநேரம் வெட்டிக்கொண்டே இருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

"அவன் மொதல்லயே சொல்லியிருந்தா கேட்டிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன் டெல்மர். கேட்டிருக்க மாட்டேன். கையக் காலக் கட்டியாவது தூக்கிட்டுப் போயிருப்பேன்."

கொசு மொய்த்தது. மண்வெட்டியை என்னிடம் நீட்டி, மறு பக்கத்தை வெட்டச் சொன்னாள்.