பெண்கள் காத்திருக்கும் அறை

சாவியக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். ஒருநாள் கடைசி நிறுத்தம் வரை போனவர் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு இறங்கிக்கொண்டார். விசாரிக்க வந்தவர்களிடம், "ரூட்டு மாறிட்டாரு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பேருந்து நிலைய மேனேஜர் முன்னால் போய் நின்றாள் அவள்.

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

"உங்க பஸ்ஸுலதானே சார் போனாரு? உங்க சம்பளத்துலதானே அங்க குடித்தனம் பண்றாரு? எனக்கு ஒரு வேலை குடுங்க."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனுஷன் அப்புறம் எப்படி மறுப்பது? பெண்கள் காத்திருக்கும் அறையைத் திறந்து, பெருக்கி, பூட்டுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. இடுப்பில் தொங்கிய கனத்த சாவியே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோயிற்று.

அப்போது அந்த ஊர் பெரிய நகரம் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அங்கேதான் வந்தாக வேண்டும். ஆஸ்பத்திரி அங்கே, கோர்ட் அங்கே, காலேஜ், காய்கறிச் சந்தை, நூல் மில் எல்லாமே அங்கே. சாலைகளெல்லாம் வந்து முட்டுகிற இடத்தில் பேருந்து நிலையம். அதில் பெண்களுக்கென்று இருந்தது அந்த ஒரே அறை. சுவரோரம் நீள பெஞ்சுகள், ரசம் போன ஒரு கண்ணாடி, கை கால் கழுவ இடம், பிள்ளைக்குப் பால் கொடுக்க மூலையில் ஒரு திரை.

மில் சங்கு ஊதினால் அறை நிறையும். தலையெல்லாம் பஞ்சோடு வரும் பெண்கள் ஒருத்திக்கொருத்தி தட்டிவிட்டுக்கொண்டு, மேஸ்திரியைப் போலவே நடந்து காட்டிச் சிரிப்பார்கள். சந்தைக்காரிகள் கூடையை இறக்கிவிட்டுக் காலை நீட்டுவார்கள். கோர்ட்டுக்கு வந்தவள் அழுவாள். காலேஜில் இடம் கிடைத்தவளும் அழுவாள். இரண்டு பேருக்கும் சாவியக்காதான் தண்ணீர் கொடுப்பாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை மில் கேட் திறக்கவில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அன்று அந்தப் பெண்கள் அறையில் வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் எழுந்து போனார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களுடைய மகள்கள் பையும் கையுமாகத் தூரத்துத் தையல் கம்பெனிகளுக்கு பஸ் ஏற அதே பெஞ்சில் காத்திருந்தார்கள். மில் இருந்த இடத்தில் ஒரு வணிக வளாகம் எழுந்தது. ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வந்தது. பேப்பர்காரர்கள் வளர்ச்சி, வளர்ச்சி என்று எழுதினார்கள்.

ஊர் வளர வளர அறை மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் விசாரணைக் கவுண்டருக்கென்று ஒரு மூலை போயிற்று. அப்புறம் பார்சல் ஆபீஸ் வந்து ஜன்னல் பக்கத்தை அடைத்தது. செல்போன் காலத்தில், கை கால் கழுவும் இடத்தையே இடித்து ரீசார்ஜ் கடை வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு அதிகாரி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கக்கா" என்பார்.

"எவ்வளவுதான் தம்பி அட்ஜஸ்ட் பண்றது? ஆம்பளைங்க உட்கார்ற பக்கம் போய் ஒரு செங்கல்லை எடுத்துப் பாருங்களேன்" என்பாள் அவள். கேட்டதாகவே யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நகராட்சிக்கு நூறு வயதானபோது அந்த மிச்ச அறைக்கும் வினை வந்தது. 'நகரம் வளர்ந்த கதை' என்று ஒரு புகைப்படக் கண்காட்சி. ஒரு மாதம் நடக்குமாம். வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையாம். பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டுப் புதுப் பூட்டாக மாட்டினார்கள். சாவியக்காவிடமிருந்த சாவி எதற்கும் ஆகாமல் போயிற்று.

திறப்பு விழா அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீட்டுக்கு அனுப்பிய ஒரு பெண், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரத்து ஈரப் படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பசியில் வீறிட்டது. மாமியார் ஒரு துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க, காற்று அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சாவியக்கா கண்காட்சி அமைப்பாளரிடம் போனாள்.

"கதவைத் திறங்க சார். பச்சை உடம்புக்காரி நனையறா."

"நகராட்சித் தலைவர் வந்துதாங்க திறக்கணும். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பார்சல் ஆபீஸில் மரப்பெட்டி பிரிக்கிற கடப்பாரையை எடுத்து வந்து ஒரே நெம்பு. பூட்டு தெறித்தது. உள்ளே உட்கார வைக்க பெஞ்சு ஏது? தலைவருக்கென்று பட்டுத்துணி போர்த்திய நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெண்ணை அதில் உட்காரவைத்தாள். பின்னாலேயே சந்தைக்காரிகள் கூடைகளோடு நுழைந்தார்கள்.

தலைவர் வந்து பார்த்தபோது, பழைய தலைவர்களின் படங்களுக்குக் கீழே ஒரு பச்சைப்பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா அநியாயம் இது? பொதுச் சொத்தை உடைச்சிருக்கீங்க."

"அநியாயத்தைப் பத்தி நாமளும் பேசுவோம் சார். சுவத்தைப் பாருங்க. பாலம் இருக்கு. மில்லு இருக்கு. மில்லு முதலாளி இருக்காரு, அவரு வளர்த்த நாய்கூட இருக்கு. அந்த மில்லுல நூல் சுத்தினவ ஒருத்தியாவது இருக்காளா?"

"பழைய படம் எதுவும் கிடைக்கலைங்க" என்று அமைப்பாளர் இழுத்தார்.

"படம் கிடைக்கலையா? ஆளே மழையில நிக்குதே, கண்ணு தெரியலையா?"

ஒரு சந்தைக்காரி பக்கென்று சிரித்தாள். தலைவர் முகம் சிவந்து, நாடாவை வெட்டாமலே காரில் ஏறிவிட்டார்.

மறுநாளே சாவியக்காவை டிப்போவுக்கு மாற்றினார்கள். பஸ் கழுவுகிற இடம். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த உடம்பு, முழங்கால் வீங்கிப்போயிற்று. அறைக்கு இன்னும் பெரிய பூட்டு தொங்கியது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் பழைய இடத்துக்கே விடுவதாக இப்போதைய மேனேஜர் ஆள் அனுப்பினார். "யாரு யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு அவரையே யோசிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவள் குழாயைத் திருகினாள்.

ஆனால் சந்தைக்காரிகள் சும்மா இருக்கவில்லை. கூடையோடு மேனேஜர் அறைக்குள் போய்த் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டதற்கு, "பஸ்ஸுக்குக் காத்திருக்கோம் சார். இங்க ஃபேன் நல்லா சுத்துது" என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும், காலேஜ் பெண்களும், கைக்குழந்தைக்காரிகளும் அங்கேயே வர ஆரம்பித்தார்கள். மேனேஜர் தன் நாற்காலிக்குப் போகவே வழி கேட்க வேண்டியிருந்தது. மாதம் முடிவதற்குள் படங்களைக் கழற்றிவிட்டார்கள், அறை திறந்தது. வாசலில் பளிங்குக்கல் பதித்தார்கள்: மகளிர் நலனில் அக்கறை கொண்டு இந்த அறையை வழங்கியவர், நகராட்சித் தலைவர்.

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்குப் புறப்பட்ட சாவியக்கா அந்தக் கல்லைப் படித்தாள். வழங்கினாராமே! உள்ளே போய்ப் பார்த்தாள். பெஞ்சுகள் திரும்பி வந்திருந்தன. கழுவுமிடம் வரவில்லை. மூலையில் திரை இல்லை. ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பையில் போன் அடித்தது. மகள்தான்.

"எங்கம்மா இருக்க? பஸ் ஏறிட்டியா?"

"அடுத்த பஸ்ஸுல வர்றேன்" என்றாள் சாவியக்கா. அதற்குள் அவள் மேனேஜர் அறைப் பக்கம் பாதி தூரம் நடந்திருந்தாள்.