மயிலைத் தூக்கியவர்

வனத்துறைக் கட்டுப்பாட்டு அறையில் புகார் போன்களை எடுப்பது என் வேலை. தகவல் வந்ததும் ஆட்களை அனுப்புவேன். அவர்கள் போய்ச் சேரும்வரை என்ன செய்வதென்று கூப்பிட்டவருக்குச் சொல்வேன்.

திருவாதவூரிலிருந்து ஒரு விவசாயி பேசினார். யாரோ விஷம் கலந்து போட்ட நெல்லைத் தின்று, அவர் வரப்பில் ஒரு மயில் துடித்துக்கொண்டிருந்தது.

"வெயில்ல கெடக்கும்மா. வர எம்புட்டு நேரமாகும்?"

"வந்துக்கிட்டிருக்காங்கண்ணே. தூக்கி நெழல்ல வச்சு, கொஞ்சம் தண்ணி காட்டுங்க."

அப்படியே செய்தார். எங்கள் ஜீப் போய்ச் சேர்ந்தபோது செத்த மயில் அவர் மடியில் கிடந்தது. அவரையே பிடித்து ஏற்றிவந்தார்கள்.

அதிகாரியிடம் ஓடினேன். "சார், நான்தான் தூக்கச் சொன்னேன். பேசுனது ரெக்கார்டுல இருக்கு."

அவர் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இருக்கட்டும்மா, கோர்ட்ல கேட்டாப் பாப்போம். மயிலு யார் கையில இருக்கோ அவன்தான் அக்யூஸ்ட். வெசம் வச்சவனை நான் எங்க போயித் தேட?"

விவசாயி ஜெயிலுக்குப் போனார்.

அடுத்த வாரம் ஆனையூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவள் வீட்டுமுன் கரண்ட் அடித்துக் குரங்கு செத்துவிட்டது. அதன் குட்டிக்கு உயிர் இருந்தது.

"தண்ணி குடுக்கவாக்கா?"

"தொடாதீங்க."

"நெழல்லயாச்சும்..."

"தொடாதீங்கம்மா."

ஆட்கள் போவதற்குள் குட்டியும் செத்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒனக்குப் பிள்ளகுட்டி இல்லையா?"

போனை வைக்காமல் முழுவதையும் கேட்டேன். அவள் தன் வீட்டு வாசலில் நின்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள்.