கிரைண்டர் லோடு ஆகாதாம்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, நடைப்பயிற்சியும் பழகிய பிறகு, மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் என் கையில் இரண்டு சின்ன டம்பெல்லைக் கொடுத்தாள். இனி தசைக்குப் பலம் வேண்டும், மூச்சை அடக்காமல் மெதுவாகத் தூக்குங்கள் என்றாள். டாக்டரும் சரி என்றார். நாலு படி ஏறினாலே துவண்டுபோகிற எனக்கு அதைக் கேட்டதே தெம்பாக இருந்தது. பழையபடி நடமாட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கன்வேயர் பராமரிப்பு வேலை. அவருக்கு உலகத்தில் எல்லாமே மோட்டார்தான். ரிப்பேர் பார்த்த மோட்டாரை முதலில் லோடு இல்லாமல்தான் ஓட்டிப் பார்ப்பார்களாம்; அதனால் நானும் பாரம் தொடக்கூடாதாம். டம்பெல்லைப் பரண்மேல் போட்டுவிட்டு பர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். பயத்தில்தான் செய்தார், தெரியும். அதற்காக? பயந்தது அவர், பலமில்லாமல் கிடக்க வேண்டியது நானா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கொழுந்தனார் குடும்பம் என்னை நலம் விசாரிக்க வந்தது. உடம்பு சரியில்லாதவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவளே சமைத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்து மரபு அப்படி. முந்தின நாளே கிரைண்டர் நிறைய மாவாட்டினேன். கல்லைத் தூக்கியதும் மாவோடு பாத்திரத்தை இறக்கியதும் நான்தான். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர் லோடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்தவர்கள் எனக்காக ஜெபம் செய்தார்கள். பிறகு இட்லிக்கு உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே பரிமாறினேன். சட்னிக்குத் தட்டை நீட்டியபடி கொழுந்தனார் சொன்னார்: "அண்ணி, நீங்க ஒரு வேலையும் செய்யக் கூடாதுங்க. சும்மா உக்காந்துகினே இருக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்னிப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, பரண்மேல் இருப்பதை இறக்கித் தரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும் மறுக்க முடியாமல் இறக்கித் தந்தார். கிரைண்டர் கல்லோடு பார்த்தால் அது வெறும் பொம்மை.

கூடத்தின் நடுவில் நின்று, அந்தப் பெண் சொன்னபடி மூச்சை விட்டுத் தூக்கினேன். அதற்குள் சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவக்கூட எழுந்திருக்காமல் பார்த்தார்கள்.

"பாத்து, மெதுவா" என்றார் வீட்டுக்காரர்.

"மெதுவாத்தான் தூக்குறேன். எச்சித் தட்டெல்லாம் நீங்க எடுங்க."