அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்தது

எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்போல் இல்லை. நடந்ததை முன்னே பின்னே மாற்றி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சபைப் பெண்கள் சேர்ந்து போடும் புத்தகத்துக்கு, விசுவாசத்தை யாரிடம் எப்படிச் சொன்னோம் என்று ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் கூச்சக்காரி, யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. எனக்கு இருப்பது எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான். அதனால் அவரோடு நடந்ததை எழுதுகிறேன்.

ஈப்போ டவுனில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர் வாசலும் என் வாசலும் எதிரெதிர். நான் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டம், அவர் தெலுக் இந்தான் பக்கம். இரண்டு பேருமே சின்ன வயதில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். ரப்பரை அழித்துத் தோட்டமெல்லாம் எண்ணெய்ச் செம்பனையான பிறகு பிள்ளைகளோடு டவுனுக்கு வந்து சேர்ந்தோம். அவர் முருக பக்தை. நான் கல்யாணமான பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள்.

காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் அக்கா ஒரு தட்டு நெத்திலியோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார். தலையைக் கிள்ளி, குடலை எடுத்துக்கொண்டே பேசுவார். மருமகள் பிரிட்ஜ் அடுக்கும் அழகு, செத்துப்போன வீட்டுக்காரரின் குறட்டை, யாரிடமும் சொல்லாத பழைய துக்கங்கள், எல்லாம் வரும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதுதான் வரும். “உன்கிட்ட சொன்னா கெணத்துல போட்ட மாதிரி, வெளிய வராது லா” என்பார்.

படையல் போட்ட பலகாரத்தை நாங்கள் சாப்பிடுவதில்லை. இதை நான் வாய் திறந்து அவரிடம் சொன்னதில்லை, அவராகவே கண்டுகொண்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சாமிக்கு எடுத்து வைப்பதற்கு முன்பே முறுக்கையும் நெய்யுருண்டையையும் ஒரு டப்பாவில் எனக்கென்று ஒதுக்கிவிடுவார். “இத இன்னும் முருகன் பாக்கல, தைரியமா தின்னு” என்று சொல்லித்தான் கொடுப்பார். பதினொரு வருடம் இப்படிப் போனது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆளுக்கொரு சின்ன அட்டை கொடுத்தார்கள். இரட்சிக்கப்பட வேண்டிய ஒருவரின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதச் சொன்னார்கள். ஜெபம் செய்வதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவுக்குக் கண்ணில் புரை. பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், அவர் ரொம்பப் பயந்துபோயிருந்தார். நல்லதுதானே என்று அவர் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது வீடு சந்திப்புக்கான அட்டை என்று தெரிந்திருக்கும். கேட்கக் கூச்சம்.

அந்த வெள்ளிக்கிழமையே ஆறு பேர் கிட்டாரோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் விளக்கேற்றும் நேரம். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் ஆறு பேருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் குடித்துக்கொண்டே, அந்த விளக்கும் படமும் அவரைக் காப்பாற்றாது என்று ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறார்கள்.

அவர்கள் போனதும் அக்கா என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“என் பேர நீதான் எழுதிக் குடுத்தியா?”

ஆமாம் என்றேன்.

“இத்தன வருசமா நான் பேசுனதெல்லாம் இதுக்குத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா?”

அவர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த பத்து நாள் நெத்திலியும் இல்லை, பேச்சும் இல்லை. துணி காயப்போடும்போது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபத்தைக்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கேட்ட கேள்விதான் உள்ளே அறுத்தது. தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தவள் என்று என்னை நினைத்துவிட்டாரே.

ஆபரேஷன் நாளில் மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்கவில்லை. கூடப் போவதாக முன்பே ஒத்துக்கொண்டவள் நான். கூப்பிடாவிட்டாலும் சேலையை மாற்றிக்கொண்டு போய் நின்றேன். மகன் புக் பண்ணிய கார் வந்தது. அக்கா ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் பக்கத்து சீட்டில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஏறிக்கொண்டேன். பத்து காஜா வரைக்கும் ஓட்டுநர் வைத்த ரேடியோ மட்டும்தான் பேசியது.

ஆஸ்பத்திரியில் மிஸி, அதாவது நர்ஸ், அவர் நெற்றித் திருநீற்றைத் துடைக்கச் சொன்னார். அக்கா பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சீக்கிரமே ஒரு கண்ணில் மூடி ஒட்டி வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முகத்தில் தூசியோ தண்ணீரோ படக்கூடாது என்று மிஸி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என் மடியில் இருந்த பையைத் தொட்டுக் காட்டினார். பத்து நாளைக்குப் பிறகு என்னோடு பேசினார்.

“பையில திருநீறு இருக்கு, பூசி விடு. துணியில்லாம நிக்கிற மாதிரி இருக்கு.”

ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து நான் திருநீறு தொட்டதில்லை. எங்கள் ஆட்கள் யாரும் தொடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், ஆனால் பயத்தில் மறந்துவிட்டார் போல. நெற்றியில் பூசினால் தூள் கண்ணில் விழும். நான் பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் சொட்டவிட்டு, திருநீற்றைக் குழைத்து, அவர் முழங்கைக்குக் கீழே மூன்று கோடு இழுத்தேன். மனதுக்குள் “ஏசப்பா, இவங்க பயம் போகட்டும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

அக்கா நல்ல கண்ணால் கையைப் பார்த்தார்.

“என்ன லா, கோணலா இழுத்திருக்க.”

“பழக்கமில்லக்கா.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சபையில் என்னைத் திட்டமாட்டார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு, அட்டை ஜெபத்துக்கு என்று நினைத்துதான் எழுதினேன், ஆனாலும் உங்களைக் கேட்காமல் எழுதியது என் தப்புதான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். “மருந்துக்கு இன்னும் நம்பர் கூப்புடல. நான்தான் எப்பவும் பேசுறேன். இன்னிக்கு நீ சொல்லு. நீ எப்படி அந்தப் பக்கம் போன?”

அவர் கேட்டதால் சொன்னேன். முதல் பிள்ளை பிறந்து நான் காய்ச்சலில் கிடந்தபோது, தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீடுகளின் கோடி வீட்டில் இருந்த ஓர் அம்மா வந்து மூன்று வாரம் என் துணி துவைத்தார், கஞ்சி வைத்தார். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நானாகத்தான் கேட்டேன், ஏன்மா இப்படிச் செய்றீங்க என்று. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஊம் கொட்டினார்.

முடித்ததும், “அந்தம்மா நல்லவங்க. உங்காளுங்க ஆறு பேரும் குடிச்ச கிளாஸக்கூட கழுவல” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்கப் பார்த்து, கண் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் திருநீறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் மகன் வயது. தலையைச் சொறிந்துகொண்டார், திட்டவில்லை. அந்த வாரமே கிட்டார் இல்லாமல் தனியாக வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா ஒரு தட்டு நெத்திலியை அவர் முன்னால் தள்ளிவிட்டு மருமகள் கதையை ஆரம்பித்தார். போதகர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். அவர் கிள்ளிய நெத்திலியில் பாதிக்குத் தலையோடு சதையும் போய்விட்டது.

அக்கா சபைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது. ஆனால் இப்போது நெத்திலித் தட்டோடு வந்தால் ஒரு நாள் அவர் பேசுகிறார், ஒரு நாள் என்னைப் பேசச் சொல்கிறார். நான் ஏசப்பாவைப் பற்றிச் சொன்னால் நடுவில் நூறு கேள்வி கேட்பார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது, தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். ஜெபம் பண்ணுவதாக இருந்தால் என்ன கேட்கப்போகிறேன் என்று முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

புத்தகம் போடுகிற சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வலது கண்ணா இடது கண்ணா, வந்தது ஆறு பேரா ஏழு பேரா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் வந்து இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சரி என்றால் போடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வருவதாக இருந்தால் காலையில் வாருங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம்.