ட்ரெவர் ஆக்ராய்டின் மூக்கு

வாங்கிய கையோடு குடித்துவிட மாட்டார் ட்ரெவர் ஆக்ராய்ட். அரை பைன்ட் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அப்புறம் அதைக் காதருகே கொண்டு போவார். பீர் என்ன பேசவா போகிறது என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நுரை அடங்கும் சத்தத்தை வைத்தே பீப்பாய் திறந்து எத்தனை நாளாயிற்று என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். கடைசியாகத்தான் மூக்கு. அது கோப்பைக்குள் போனால் லேசில் வெளியே வராது. மீசையில் நுரை ஒட்டும், துடைக்க மாட்டார். இத்தனையும் ஆன பிறகு ஒரே ஒரு வாய். அதை அவர் விழுங்குகிற வரை எதிரே இருப்பவர் பேசக் கூடாது. பேசினால் தொலைந்தார்.

டாட்மர்டனில் கால்வாய்ப் பாலத்தை ஒட்டி இருக்கும் 'லாங் ஷட்டில்' பப்பில், ஜன்னலோரப் பெஞ்சு அவருடையது. எத்தனை குளிரானாலும் கணப்புப் பக்கம் போகமாட்டார், புகை மூக்கைக் கெடுத்துவிடுமாம். சென்ட் பூசிய பெண் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார். வினிகர் போட்ட சிப்ஸ் பொட்டலத்தை ஒருவர் பிரித்துவிட்டால் போச்சு. "ஏம்பா, இதைத் திங்கறதுக்கு வீட்ல இடமில்லையா? மனுசன் குடிக்கற இடத்துல வந்து ஊறுகாய் போடறியே!" என்பார். சொந்தத் தங்கையின் கல்யாண விருந்தில் லில்லிப் பூக்களின் வாசனை தாங்காமல் மண்டபத்தைவிட்டு வெளியே போய் மழையில் நின்ற ஆள். தங்கை இரண்டு வருடம் பேசவில்லை. "அவ பேசாதது பரவாயில்ல, அந்தப் பூவு இருக்கே, அப்பப்பா!" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்.

முப்பத்திரண்டு வருடம் எரிவாயு வேலை. கசிவு என்று யாராவது கூப்பிட்டால், கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் ட்ரெவர் மூக்கைச் சுளித்து, தரைப் பலகையில் ஓர் இடத்தைக் காலால் தட்டுவார். அங்கேதான் இருக்கும். மனைவி கிடையாது. ஒருமுறை நிச்சயம் வரை போய் நின்றுவிட்டது, காரணத்தைச் சொல்ல மாட்டார். ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து, ஏதாவது ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, அதுவரை குடிக்காத ஏல் என்கிற நாட்டு பீர் ஒன்றைக் குடித்து, நோட்டில் ஒரு வரி எழுதி, ஒரு டிக் போட்டுவிட்டு வருவார். நாற்பத்தொரு நோட்டுகள். இரண்டாயிரத்துச் சொச்சம் டிக்குகள். 'மழையில் நனைந்த கம்பளியும் தேனும்' என்று ஒரு பீருக்கு எழுதியிருக்கிறார். இன்னொன்றுக்கு, 'பாதிரியார் வீட்டு அலமாரி. மறுபடி வேண்டாம்.'

போன பிப்ரவரியில் ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் எழுந்து தேயிலை டப்பாவைத் திறந்தார். ஒன்றுமில்லை. வெங்காயத்தை நறுக்கினார், கண்ணில்தான் நீர் வந்தது. ஷூ பாலிஷ், டர்பன்டைன், குப்பைத்தொட்டி என்று வீட்டில் இருந்த அத்தனையையும் மோந்து பார்த்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாக்கில் உப்பும் இனிப்பும் ஏதோ கொஞ்சம் தட்டின, புளிப்பு சுத்தமாக இல்லை. வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாள் டாக்டரம்மா. ஏப்ரலில் ஒரு நாள் தபால்காரி கதவின் கடிதத் துவாரத்தில் வாய் வைத்துக் கத்தினாள். "ட்ரெவர்! உள்ள இருக்கீங்களா? கேஸ் நாத்தம் தெரு வரைக்கும் வருது!" அடுப்புத் திருகு பாதி திறந்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார் அவர். மறுநாளே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார். கேட்டவர்களிடம் சிக்கனம் என்றார்.

இதை அவர் ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். பெரிய பக்கம் ஜானிஸ்.

லாங் ஷட்டிலை நடத்துகிற ஜானிஸ் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடியைப் பாவம் என்று சொல்கிற சபையில் வளர்ந்தவள். பப்காரனைக் கட்டிக்கொண்டாள், குடியை மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. நிலவறையும் பீப்பாயும் அவள் கணவன் ராயின் பொறுப்பாக இருந்தன. இந்த ஏல் பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிற சரக்கு. நேற்று அமிர்தமாக இருந்தது இன்று காடியாகிவிடும், கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றாலும் ஆகிவிடும். தினம் ஒருத்தர் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ராய் செத்துப்போனதும், அடக்கம் முடிந்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு ட்ரெவர் வந்து கதவைத் தட்டினார். "நாக்கு வேணும்ல உனக்கு?" என்றார். அன்று முதல் பப் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் வருவதும், அவள் கவுன்டரில் நிற்கும் ஒவ்வொரு கைப்பம்பிலிருந்தும் ஒரு மிடறு பிடித்துத் தருவதும் வழக்கமாயிற்று. அவர் தலையசைத்தால் பம்பில் தொங்கும் பெயர்த்தகடு குடிப்பவர்களைப் பார்த்து இருக்கும். உதட்டைப் பிதுக்கினால் தகட்டை உள்பக்கமாகத் திருப்பிவிடுவாள், அந்தப் பீப்பாய் அன்றைக்கு இல்லை. எண்பது வயதுக்காரரையும் 'கண்ணு' என்றே கூப்பிடுகிற ஜானிஸ், ட்ரெவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை.

இந்த ஒரு மணி நேரத்தை விட்டால் ட்ரெவருக்கு நாளில் வேறென்ன இருக்கிறது? வீட்டில் ஒரு கெட்டில், ஒரு ரேடியோ. சொல்லிவிட்டால் ஜானிஸ் பாவம் என்று பார்ப்பாள், வேறு நாக்கைத் தேடிக்கொள்வாள். ஆகவே நடித்தார். கண்ணையும் காதையும் வைத்து ஒப்பேற்றினார். நோட்டில் பழைய பக்கத்தைப் புரட்டி, அதே ஏலுக்குத் தொண்ணூற்றெட்டில் எழுதியதைப் புது தேதி போட்டு எழுதினார். புதிய ஏல்களுக்குப் பழைய பக்கம் கிடையாதே, அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டார். "புதுசெல்லாம் பழச்சாறுப்பா, எனக்கு வேணாம்" என்றார். ஆள் திருந்திவிட்டான் என்று ஊர் சிரித்தது.

பத்துப் பீப்பாயில் ஒன்பது நல்லதாகத்தான் இருக்கும், ஆகவே எட்டு மாதம் ஓடியது. அக்டோபரில் நிலவறைக் குழாய்களில் எங்கோ புளிப்பு புகுந்தது. அந்த ஊர்க்காரர்கள் புகார் சொல்ல மாட்டார்கள், அதுதான் அங்கே பெரிய ஆபத்து. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் நிறைய நிறைய வைத்துவிட்டு, "வர்றேன் ஜானிஸ்" என்று மரியாதையாகப் போவார்கள். திரும்பி வரமாட்டார்கள்.

மிக் ஒருத்தன்தான் வாயைத் திறந்தான். சுவர் பூசுகிற வேலைக்காரன், இருபது வருடமாக அந்தக் கவுன்டரிலேயே சாய்ந்து நிற்பவன். சனிக்கிழமை, பப் நிறைய ஆட்கள் இருக்கும்போது கோப்பையைத் தட்டென்று வைத்தான்.

"இது பீர் இல்ல ஜானிஸ். இதை மீன் வறுவல் மேல ஊத்தலாம்."

"ட்ரெவர் காலைலதான் பாத்தாரு."

"ட்ரெவர் பாத்தாரா? அப்போ ட்ரெவரையே குடிக்கச் சொல்லு!"

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ட்ரெவர் கோப்பையை எடுத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், காதில் வைத்தார், மூக்கை விட்டார், ஒரு வாய் குடித்தார். "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு பல இரவுகள் தூங்காமல் கிடந்தார்.

"மூணு வாரத்துல சங்கத்துக்காரங்க ஓட்டுப் போட வர்றாங்க, இந்த நேரத்துல என் வயித்துல அடிக்கறியா நீ?" என்று ஜானிஸ் கத்தினாள். பள்ளத்தாக்கின் ஏல் பிரியர் சங்கத்தார் வருடா வருடம் குடித்துப் பார்த்து, ஓட்டுப் போட்டு, நல்ல பப்களின் பெயரை அச்சிடுவார்கள். அதில் பெயர் விட்டுப்போனால் வெளியூர் ஆட்கள் வரமாட்டார்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களோ அதை வீடுகளாக்கி விற்க எப்போது சாக்குக் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள். மாடியில்தான் ஜானிஸ் குடியிருக்கிறாள். "வெளிய போ மிக். இனி இந்தப் படி ஏறாதே."

"நீயே ஒரு வாய் குடிச்சுப் பாரு ஜானிஸ். ஒரே ஒரு வாய்" என்று சொல்லிவிட்டு மிக் போனான். அதிலிருந்து சாயங்காலங்களில் கால்வாய்ப் பாலத்தின்மேல் டின் பீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து பார்த்தால் அவன் முதுகு நன்றாகத் தெரியும். ட்ரெவர் எதிர்ப்பக்கம் திரும்பி உட்காரப் பழகிக்கொண்டார். பாழாய்ப்போன மனுஷன், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

சங்கத்துக்காரர்கள் வரவிருந்த சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை. குழாய் கழுவுகிற மருந்துக் கேனை நிலவறைப் படிக்கட்டில் ஜானிஸ் கைதவறிப் போட்டுவிட்டாள். கண்ணைக் கரிக்கிற குளோரின் நெடி பப் முழுக்கப் பரவியது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மூன்று முறை தரையைக் கழுவி, முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்துவைத்தாள். பதினொரு மணி அடித்தது. ட்ரெவர் வந்தால் வாசலோடு ஓடிவிடுவார், இன்றைக்கு அவர் வாயில் விழ வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் வழியும் கண்ணைத் துடைத்தாள்.

ட்ரெவர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏம்மா, இந்தக் குளிர்ல கதவை எதுக்கு ஆவென்னு தொறந்து வெச்சிருக்க?" என்றார்.

ஜானிஸ் அவரைப் பார்த்தாள். ஈரத்துணி அவள் கையில் அப்படியே நின்றது.

"காத்து வரட்டும்னுதான் கண்ணு."

"காத்தாம் காத்து. சரி, பிடி. நம்ம ஆளு எப்படி இருக்கான்னு பாப்போம்."

அவள் நடுப்பம்பை இழுத்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஜன்னல் விளிம்பில் நான்கு கோப்பைகளை நிறைய நிறைய நிற்கவைத்த அதே பீப்பாய். இரண்டு இழுப்பில் கோப்பை பாதி நிறைந்தது. செம்புநிறம், கண்ணாடித் தெளிவு. ட்ரெவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், ஒரு கண்ணை மூடினார், காதில் வைத்தார். மூக்கை உள்ளே விட்டு நீளமாக இழுத்தார். திறந்த கதவுகளுக்கிடையே நெடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜானிஸின் கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டேயிருந்தது. அவர் ஒரு வாய் குடித்து, பொறுமையாக விழுங்கினார்.

"ஆரஞ்சுத் தோல்" என்றார். "கொஞ்சம் வறுத்த கொட்டை. சங்கத்துக்காரனுங்க விரலைச் சூப்பிட்டுப் போவானுங்க பாரு."

கோப்பையைக் கவுன்டரில் வைத்தார். ஜானிஸ் அதை எடுத்தாள். கழுவத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தார். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள், கண்ணை இறுக மூடினாள், மருந்து குடிக்கிற குழந்தையைப்போல ஒரே மடக்காக வாய் நிறைய வாங்கினாள். ஐம்பத்தெட்டு வருடத்தில் முதல் வாய்.

தொட்டியில் துப்பினாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள்.

"குடிச்சுப் பழக்கமில்லாத எனக்கே தெரியுதே" என்றாள் துண்டுக்குள்ளிருந்து. "எப்போலேர்ந்து கண்ணு?"

"பிப்ரவரி."

"பிப்ரவரி…" துண்டைக் கீழே இறக்கினாள். "நான் மிக்கைத் துரத்தினேன் ட்ரெவர். உன் பேச்சைக் கேட்டு, அத்தனை பேர் முன்னால, நாயைத் துரத்தற மாதிரி துரத்தினேன். நீ அங்கதான் உக்காந்திருந்தே."

ட்ரெவர் திரும்பி, ஜன்னலோரப் பெஞ்சையும் அதற்கு அப்பால் பாலத்தையும் பார்த்தார். வெளியே கால்வாயில் படகு ஒன்று போனது.

லாங் ஷட்டிலில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான். ராயை அடக்கம் செய்த அன்றுகூட ட்ரெவர் கவுன்டருக்கு மேலே ஒரு விரலை நீட்டியவரில்லை. இப்போது கவுன்டரை நெருங்கினார். வயிறு மரத்தில் அழுந்தச் சாய்ந்து, கையை எட்டும் மட்டும் நீட்டி, நடுப்பம்பின் பெயர்த்தகட்டைப் பிடித்து, அதன் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிவைத்தார்.