கொடி ஒட்டிய சீசா

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு மருந்து சீசா இருக்கிறது. காலி சீசாதான். மூடியாக இருந்த தக்கையைக் கரப்பான்கள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டன. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது. மிக்சர் என்ற கலவை மருந்தை வாங்கிக் குடித்த தலைமுறைக்கு இது தெரியும். காகிதத்தை மடித்து ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரைக்கும் ஒரு வேளை மருந்து. என்னிடம் இருக்கிற பட்டையில் வெட்டுகளுக்குப் பக்கத்தில் படங்களும் உண்டு. ஒரு கொடி, ஒரு கஞ்சித் தொட்டி, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. கொடியின் சிவப்பு வெளுத்துத் துரு நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் அது கொடிதான், வேறு எதுவும் இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். அதை மறைப்பானேன்? இதை ஒட்டியவன் போன மாதம் செத்துப் போனான். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் அவனுக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பிளெக்ஸ். அதில் அவன் வயதான முகம், கீழே 'பணிவின் திருவுருவம்' என்று எழுத்து. பண்ணையாரின் பேரன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். நல்ல பையன், என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தவர். ஆனால் மைக்கைப் பிடித்து, "எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க குடும்பத்துக்கு அடங்கி நடந்த, யார் மனசும் நோகாம பேசின பெரியவர்" என்று சொன்னபோது எனக்கு நாடி நரம்பெல்லாம் பற்றிக்கொண்டது. யார் அடங்கி நடந்தது? என் கம்பவுண்டரா?

நானும் அவனும் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் அப்பா பண்ணையில் கணக்குப்பிள்ளை, என் அப்பா அதே பண்ணையில் ஆள். பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் 'டா' போட்டுப் பேசிக்கொள்வோம். வாசற்படி தாண்டினால் நான் அவனைச் 'சின்னய்யா' என்று கூப்பிட வேண்டும். அவனுக்கு அது பிடிக்காது. "நீ சின்னய்யான்னா நான் காதுல வாங்க மாட்டேன்" என்று விறைத்துக்கொண்டு போவான். அவன் தஞ்சாவூரில் மருந்தாளுநர் படிப்பு படித்துவிட்டு வந்து, பண்ணையாரின் கட்டடத்தில் மருந்துக் கடை வைத்ததும் எனக்கு ஒரு நடுவழி கிடைத்தது. ஊரே அவனைக் கம்பவுண்டர் என்றது, நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அதில் 'ஐயா'வும் இல்லை, 'டா'வும் இல்லை. "கோழை" என்று சிரித்தான்.

கும்பகோணத்திலிருந்து டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து எழுதிக் கொடுப்பார். கலந்து கொடுப்பது இவன். அந்நாளில் எங்கள் தெருவில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு, கடிகாரம் பார்த்து மருந்து குடிக்கிறவர்கள் யாருமே இல்லை. 'மூன்று வேளை' என்று சொல்லி அனுப்பினால் நினைவு வந்தபோது மொத்தமாகக் குடித்துவிடுவார்கள். இவன் யோசித்தான். எங்கள் நாள் எப்படி ஓடுகிறது என்று என் தங்கையிடம் உட்கார்ந்து கேட்டான். அப்புறம் பட்டையில் படம் போட ஆரம்பித்தான். சேற்றில் இறங்கும் ஒரு கால்: வயலில் இறங்குவதற்கு முன் ஒரு வேளை. ஒரு கலயம்: கஞ்சி குடித்த பிறகு ஒரு வேளை. கூட்டுக்குத் திரும்புகிற ஒரு கொக்கு: கரையேறிய பிறகு ஒரு வேளை. கொக்கை அத்தனை அழகாகப் போடுவான். மருந்து தீர்ந்த பிறகும் சீசாவை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், அந்தக் கொக்குக்காகவே மாடத்தில் வைத்திருப்பார்கள்.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. அவனுடைய மருந்தில்தான் அவள் சில வருஷங்களாக வலிப்பில்லாமல் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

சம்பா அறுப்பு நேரத்தில் தகராறு வந்தது. கோட்டையில் புது ஆட்சி வந்துவிட்டது, மேடைக்கு மேடை எல்லோரும் உடன்பிறப்பு என்றார்கள். எங்கள் வயலில் மட்டும் ஐயா ஐயாவாகவே இருந்தார், ஆள் ஆளாகவே இருந்தான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். பண்ணைகள் சேர்ந்து முடியாது என்றன, வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு வந்தது. நாங்கள் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டோம். தெருமுனையில் கொடி ஏற்றினோம். வீட்டு வீடாக அரிசி திரட்டிக் கஞ்சித் தொட்டி வைத்தோம். சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூட்டம். பண்ணைகள் பதிலுக்கு ஊர்க் கட்டுப்பாடு போட்டன. எங்கள் தெருவுக்குக் கடையில் சாமான் கிடையாது, ஊருக்குள் தண்ணீர் கிடையாது.

அந்த வாரத்தில் ஒரு காலை, வாய்க்கால் படியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த தங்கை அப்படியே சாய்ந்தாள். வெட்டி வெட்டி இழுத்தது. முகம் தண்ணீருக்குள் போய்விடாமல் பெண்கள் பிடித்துத் தூக்கினார்கள். ஒன்று அடங்கி, இன்னொன்று வந்தது. நான் கடைக்கு ஓடினேன். அங்கே பண்ணையின் காரியக்காரர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தெருவுக்கு மருந்து குடுக்கக் கூடாதுன்னு பண்ணையில சொல்லிட்டாங்க தம்பி. கட்டடம் அவங்களது. உங்கப்பாவும் அங்கதான் வேலை பாக்குறாரு. பாத்து நடந்துக்கங்க."

கம்பவுண்டர் என் முகத்தைப் பார்த்தான். "யாருக்குடா? தங்கச்சிக்கா?" என்றான். நான் தலையாட்டினேன். அவன் காரியக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையில் மருந்தை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டான்: "பண்ணையில டாக்டருக்குப் படிச்சவங்க யாருங்க, இந்தச் சீட்டை எழுதினது?" பிறகு கடையைப் பூட்டி, சாவியை அவர் கையில் வைத்தான். "கட்டடம் அவங்களது. குடுத்துடுங்க. படிப்பு என்னோடது."

தெரு முழுக்கப் பார்க்க எங்கள் வீட்டுக்குள் நுழைந்தான். கணக்குப்பிள்ளை மகன் அந்தத் தெருவில் கால் வைத்ததே எங்களுக்குப் பெரிய அதிசயம். தங்கைக்கு இழுப்பு நின்று மயக்கம் தெளிகிற வரைக்கும் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் கண் விழித்ததும் மாடத்தைக் காட்டிக் கேட்டான். அங்கே அவன் கொடுத்த சீசா முக்கால்வாசி நிறைந்து இருந்தது.

"ஏம்மா குடிக்கல?"

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதைப் போல. "வயல்ல எறங்குறதுக்கு முன்னாடி குடிக்கிற மருந்துதானே அண்ணே? நாமதான் எறங்கலையே. அதைக் குடிச்சா நான் வேலைக்குப் போற மாதிரி ஆயிடாதா?"

அவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவே மாட்டேன். பிறகு எழுந்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தான். எல்லா மாடத்திலும் சீசாக்கள் நிறைந்தே இருந்தன. தெருவே வேலைநிறுத்தத்தில் மருந்தையும் சேர்த்து நிறுத்தியிருந்தது. படத்தை அவ்வளவு நம்பினார்கள். அவன் போட்ட படம்தான் அவளை வாய்க்கால் படியில் தள்ளியது என்று அவன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மறுநாளே வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், பூவரசு நிழலில் கடையைப் போட்டான். அது பொதுப்பணித்துறைப் புறம்போக்கு. எந்தப் பட்டாவிலும் சேராத கரை. கும்பகோணத்திலிருந்து சைக்கிளில் மருந்து கொண்டுவந்து அங்கேயே கலந்து கொடுத்தான். காரியக்காரர் வந்து மிரட்டியபோது, "இங்கேருந்து என்னை எழுப்பணும்னா காவேரியத்தான் கேக்கணும், கேட்டுட்டு வாங்க" என்றான். பட்டைகளையும் மாற்றினான். காலையில் கொடி ஏற்றும்போது ஒரு வேளை, மத்தியானம் கஞ்சித் தொட்டியில் ஒரு வேளை, சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் ஏற்றியதும் ஒரு வேளை. கொடிக்குச் சிவப்பு மை இல்லை. காயத்துக்குப் போடுகிற சிவப்பு மருந்தைத் தீக்குச்சியில் தொட்டுத் தீட்டினான். தங்கை அதைப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்று குடித்தாள்.

ஒரு நாள் சோதனை போடத் தெருவில் போலீஸ் புகுந்தபோது வீட்டுக்கு வீடு சிவப்புக் கொடி ஒட்டிய சீசா கிடைத்தது. ஏதோ ரகசிய அடையாளம் என்று இன்ஸ்பெக்டர் அதையெல்லாம் மதகுக்கு அள்ளிக்கொண்டு வந்தார். ஊரும் தெருவும் கரையில் கூடிவிட்டன.

"என்னய்யா இது?"

"டோஸ் சார். கொடி, காலை வேளைக்கு."

"காலை வேளைக்குக் கொடிதான் கெடைச்சுதா? சூரியனைப் போட்டா என்ன?"

"அதுவும் கட்சிச் சின்னந்தாங்க சார். நான் கட்சியில எல்லாம் கெடையாது."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. எல்லாக் கொடியையும் சுரண்டு, இல்லையென்றால் ஜீப்பில் ஏறு என்றார். கம்பவுண்டர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "சுரண்டினா குடிக்க மாட்டாங்க. குடிக்கலைன்னா வலிப்பு வரும். அந்தப் பொண்ணை அப்ப நீங்கதான் தூக்கிட்டு வரணும். ஏறுறேங்க." ஏறிவிட்டான். அவன் அப்பா கூட்டத்தில் தலை குனிந்து நின்றார். ஜீப் கிளம்பியபோது எனக்கு என்ன வந்ததோ, ஊரும் பண்ணையும் கேட்க, "டேய், சீசாவை நாங்க பாத்துக்குறோம்டா!" என்று கத்தினேன். அவன் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் சாகும்வரை நான் அவனை எந்த இடத்திலும் வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை.

அன்று மாலையே விட்டுவிட்டார்கள். கூலித் தகராறு தஞ்சாவூரில் உட்கார்ந்து பேசித் தீர்ந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. பண்ணையார் சாவியைத் திருப்பி அனுப்பினார். அவன் வாங்கவில்லை. அவன் அப்பாவுக்குப் பண்ணை வேலை போனது, அவர் அவனோடு பேசாமலே செத்தார். அந்த வலியை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். மழையில் நனைந்து, வெள்ளத்தில் ஒரு தடவை பெட்டியையே பறிகொடுத்து, பிறகு வலங்கைமானில் ஒரு வாடகைக் கடையில் மிச்ச ஆயுளைக் கழித்தான். அன்பானவன்தான், யாரையும் கடிந்து பேசாதவன்தான். அதைப் பணிவு என்று சொன்னால் நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

இரங்கல் கூட்டத்தில் மைக் என் கைக்கு வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். "அவன் அடங்கி நடந்தவன் இல்ல. அடங்கி நடந்திருந்தா என் தங்கச்சி இங்க உக்காந்திருக்க மாட்டா" என்று முன்வரிசையைக் காட்டினேன். பேரனின் முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும். நான் காட்டியதும் தங்கை எழுந்து நின்றாள், நரைத்த தலையோடு, நேராக.

சாலையை அகலப்படுத்தியபோது தெருமுனைக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். கஞ்சித் தொட்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. மருந்து இப்போது அட்டை அட்டையாக வருகிறது, பின்னால் இங்கிலீஷில் பொடி எழுத்து. தங்கைக்கு அந்த எழுத்து ஒன்றும் வேண்டாம். இன்று காலையும் டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றாள்; அலமாரியில் இருக்கும் சீசாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கையை நீட்டினாள்.

"கொடி மாத்திரைய எடு அண்ணே. நேரமாவுது."